இரண்டாம் மூச்சில் எடுத்த போன்

கனடாவில் எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு போன் தொங்கியது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத் தோலின் நிறம். எங்களுக்கு முன்பு அந்த அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள் விட்டுப்போனது. அதன் சுருள் வயர் தொய்ந்து தொய்ந்து தரையைத் தொட்டது. அது அடிக்கும்போது பக்கத்தில் கொளுவியிருந்த கரண்டிகளும் சேர்ந்து அதிரும்.

ஒரு சனிக்கிழமை காலை. மனைவி வசந்தி வேலைக்குப் போய்விட்டாள். நான் தேநீரோடு மேசையில் இருக்கிறேன். போன் அடிக்கிறது. நான் எழுந்து, கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் போன் கேட்காது. கண்ணாடியில், மீசையும் பெனியனுமாக ஒரு முப்பத்தெட்டு வயதுக்காரன். முகம்கூடக் கழுவாமல் சும்மா நிற்கிறான்.

இன்றைக்கு அவனை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வாயில் இடியப்பம்

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சரியான ஆண்டைக் கேட்டால் வசந்திதான் சொல்லவேண்டும், அவளும் இரண்டு ஆண்டுகளைச் சொல்லுவாள்.

அதற்கு முந்திய ஆண்டு, ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என்னோடு வேலை செய்யும் சிவம் அண்ணை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்தான் என்று நினைத்து, வாயில் இடியப்பத்தோடு எடுத்தேன்.

"என்ன அண்ணை, வெளிக்கிட்டாச்சோ?" என்று சிரித்தபடி கேட்டேன்.

மறுமுனையில் இருந்தவர் கொழும்பில் இருந்த என் மாமா. சண்டை நடந்துகொண்டிருந்த ஊரில் செல் குண்டு விழுந்து என் தம்பி ரவி செத்துப்போனான் என்று சொன்னார். நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும் என்னால் விழுங்க முடிந்தது என்பதை நெடுநாள் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து போன் மணி கேட்டால் உள்ளங்கை குளிர்ந்துவிடும். நாக்கில் இரும்புச் சுவை வரும். வசந்தி வீட்டில் நின்றால் அவள் எடுப்பாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் குப்பை கொண்டுபோய்க் கொட்டவேண்டிய அவசரம் வரும். எங்கள் கட்டிடத்திலேயே குப்பை தேங்காத வீடு எங்களுடையதுதான்.

அம்மாவின் கேள்வி

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா நடுவில் இருந்தார்.

ரவியையும் கனடாவுக்கு எடுத்துவிடுவோம் என்று நான் ஒருமுறை எழுதியபோது, "ஒருத்தனாவது என்னோட இருக்கட்டும்" என்று மறித்தவர் அம்மா. பிறகு அவன் போய்விட்டான். அம்மா ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், நான் போட்ட ஸ்பொன்சருக்கு விசா வரும்வரை காத்திருந்தார். லொட்ஜ் மனேஜர் வெளியிலிருந்து வரும் கோலுக்கு ஆளைக் கூப்பிட்டுத் தரமாட்டார். ஆகவே அம்மாதான் தெருமுனையில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய் எங்களுக்கு அடிப்பார். வசந்தி கதைப்பாள். நான் குப்பை கொட்டுவேன்.

ஒருநாள் வசந்தி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமி கேட்டவ, 'பெரியவன் என்னோட கோவமே' எண்டு. நான் என்ன சொல்லட்டும்?"

பெரியவன் என்றால் நான். எனக்கு அம்மாவோடு ஒருநாள்கூடக் கோபம் இருந்ததில்லை. அதைச் சொல்வதற்குப் போனை எடுக்கவேண்டும். கடிதம் எழுதிப் பார்த்தேன். 'உங்கள்மீது எனக்குக் கோபமில்லை' என்று எழுதி வாசித்தால், அது பெருங்கோபக்காரன் ஒருவன் எழுதியதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன்.

மூடிகளுக்கு நடுவே ஒருத்தி

தயிர்ப் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே இடைவேளைக்கு மணி அடித்ததும் எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு ஓடுவோம். மைக்ரோவேவ் இரண்டுதான், முந்துபவருக்குத்தான் சூடான சோறு.

ஒருத்தி மட்டும் ஓடமாட்டாள். என் பக்கத்து மெஷினில் நின்ற லான். வியட்நாம்காரி, என் வயதுதான் இருக்கும். மணி அடித்ததும், கையில் இருக்கும் மூடியோடு அப்படியே நிற்பாள். கொஞ்சம் கழித்து மூடியைப் பெட்டியில் வைத்துவிட்டு மெதுவாக நடந்து வருவாள். முதலில் அவளுக்கு இடுப்புப் பிடிப்பு என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஆங்கிலம் இருவருக்கும் சொந்தமில்லாதது. அதனால் சுற்றிவளைத்துப் பேச வசதி குறைவு. மணி கேட்டால் மூன்று மூச்சு விடுவேன், எங்கள் கோயிலில் அப்படித்தான், என்றாள். கோயில் மணிக்கு மட்டும் இல்லை, எந்த மணிக்கும். போன் அடித்தாலும் அங்கே எல்லோரும் செய்த வேலையை விட்டுவிட்டு மூன்று தரம் மூச்சை இழுத்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

"போனுக்குமா?" என்றேன்.

"போனுக்குத்தான் அது மிகவும் தேவை" என்றாள்.

நான் என் குளியலறைக் கதையைச் சொன்னேன். வசந்திக்குப் பிறகு அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா என்றாள்.

பொக்கெற்றுக்குப் போன கை

அவர்களுடைய கோயில் நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில், முன்பு கம்பளம் விற்ற கடை ஒன்றில் இருந்தது. உள்ளே போனால் ஊதுபத்தி வாசமும் பழைய பசை வாசமும் சேர்ந்து வரும். தரையில் மெத்தைகள். எதிரே தோடம்பழங்களுக்கு நடுவில் ஒரு புத்தர்.

அவரைக் கண்டதும் என் வலது கை தானாகச் சேட்டுப் பொக்கெற்றுக்குப் போனது. அடையாள அட்டையைத் தேடுகிறது. நான் வாழ்க்கையில் பார்த்த புத்தர்கள் எல்லோரும் ஊரில் ஆமிக்காரரின் காவலரணில், மண்மூட்டைகளுக்குப் பின்னால், துவக்கோடு நிற்பவனின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தவர்கள். அவர்களைத் தாண்டும்போது சைக்கிளில் இருந்து இறங்கி, அட்டையை வெளியே எடுத்துப் பிடிக்கவேண்டும். கனடாவுக்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் கைக்கு அது மறக்கவில்லை.

லானிடம் சொன்னேன், இந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று. அவள் போய் அங்கிருந்த பிக்குணியிடம் சொன்னாள். பிக்குணி என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சாம்பல் நிற உடுப்பு, மழித்த தலை, காலில் தடித்த கம்பளிச் சொக்ஸ். அவர் வந்து என் மெத்தையைத் தூக்கி யன்னல் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இப்படி இருங்கள். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது" என்றார்.

அப்படித்தான் இரண்டு மாதம் புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தருடைய வழியைப் பழகினேன். என் முன்னால் கார் தரிப்பிடமும் ஒரு பஸ் நிறுத்தமும் இருந்தன.

செய்தி தொழிற்சாலைக்குப் பரவிவிட்டது. சிவம் அண்ணையின் காரில்தான் நான் வேலைக்குப் போய்வருவது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டார்.

"என்னடாப்பா, புத்தரிட்டப் போறியாம். ஊரில அவர் எங்களைத் தேடி வந்தது காணாதெண்டு, இஞ்ச நீ அவரைத் தேடிப் போறியோ?"

"அது வியட்நாம் சனம் அண்ணை. அதுகளும் எங்களைப் போல ஓடிவந்ததுகள்தான்."

"சரி, அங்க என்ன செய்யிறியள்?"

"மூச்சு விடுறம்."

அவர் சிக்னலில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு வெக்ஸ்போர்ட் வரைக்கும் போகோணுமே?"

வசந்தியின் வடை

ஞாயிறு தியானத்துக்குப் பிறகு பேசாமல் இருந்து சாப்பிடுவார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று வசந்தி ஒரு டப்பா நிறையப் பருப்பு வடை தந்துவிட்டாள். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். எடுத்து, பார்த்து, மணந்து, ஒவ்வொரு கடியையும் அரைத்து அரைத்து, ஒரு வடையை இருபது நிமிடம் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தியின் முகம் வாடிவிட்டது.

"இருபது நிமிசமோ? அப்ப உப்புக் கூடவெண்டு கண்டுபிடிச்சிருப்பினமே."

உண்மையில் உப்புக் கூடத்தான். அன்றுதான் எனக்கும் தெரிந்தது. எட்டு ஆண்டு அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். எதையும் ருசி பார்த்து விழுங்கியதில்லை, கடைசி ஓர் ஆண்டு வாயில் எதையும் அதிக நேரம் வைத்திருக்கவே பயந்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் இன்னொரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதை மெதுவாகச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் வந்தவர்

அந்தக் கூடத்துச் சுவரில், துன்பத்திலிருந்து விடுதலை என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதை நான், கனடாவில் நிரந்தரமாக இருக்கவிடும் லாண்டட் பேப்பர் மாதிரி ஒன்றென்று நினைத்துவிட்டேன். படிவத்தை நிரப்பிக் காத்திருந்தால் ஒருநாள் கையில் தந்துவிடுவார்கள், பிறகு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பிக்குணி சொல்லித் தந்தது மிகவும் சின்ன விஷயம். பயம் வந்தால் துரத்தவேண்டாம். அதன் பெயரைச் சொல்லுங்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூச்சை விடாதீர்கள், அதாவது மூச்சோடு இருப்பதை விட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான். நான் தேடிப் பார்த்தேன். இடது விலா எலும்புக்குக் கீழே, ஒரு கைப்பிடி அளவில், குளிராக இருந்தது. நான் அதோடு தமிழில் கதைக்கத் தொடங்கினேன். 'வந்திட்டியோ, இரு' என்பேன். அது இருக்கும். கொஞ்ச நேரத்தில் இளகும். சில நாள் இளகாது.

ஒரு ஞாயிறு, வழக்கம்போல யன்னலைப் பார்த்து இருக்கிறேன். பஸ் வந்து நின்றது. பிக்குணி இறங்கினார். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. அவர் நகராமல் அந்தப் புகைக்குள்ளேயே நின்றார். கண் தாழ்ந்திருந்தது. தோள் மூன்று தரம் உயர்ந்து இறங்கியது. பிறகு நடந்து உள்ளே வந்தார்.

லானிடம் கேட்டேன். டீசல் மணம் அவருக்கு ஆகாது என்றாள். படகில் ஓடிவந்தபோது எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் பல நாள் கிடந்தாராம். அந்தப் படகில் ஏறியவர்களில் சிலர் கரையில் இறங்கவில்லையாம்.

"அவருக்கே இன்னும் போகவில்லையா?" என்றேன்.

"போகவில்லை. முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் நடந்து வருவார். இப்போது பஸ்ஸில் வருகிறார்."

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். மாறாக, பெரிய ஆறுதலாக இருந்தது. இவ்வளவுதான் என்றால் என்னாலும் முடியும் என்று பட்டது. அடுத்த வாரம் என் மெத்தையை நானே திருப்பிப் போட்டேன். அந்தப் புத்தர் சாந்தால் செய்தது. மூக்கு நுனியில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. கை பொக்கெற்றுக்குப் போகத்தான் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று என்றால் மூன்று

பிறகு சனிக்கிழமைகள் வந்தன.

சனிக்கிழமைகளில் வசந்திக்கு டோனற் கடையில் காலை வேலை. ஒன்பதரை அளவில் போன் அடிக்கும். அந்த நேரம் கொழும்பில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு. அடிப்பது அம்மாதான் என்று எனக்குத் தெரியும்.

முதல் சனி, குளியலறைக்குப் போகாமல் போனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். அடித்தது. ஒரு மூச்சு. அடித்தது. இரண்டாம் மூச்சு. அடித்தது. மூன்றாம் மூச்சை அடிவயிறுவரை இழுத்து, விட்டு, எழுந்து எடுத்தேன். ஓர் ஆண்டுக்குப் பிறகு எடுத்தேன்.

மறுமுனையில் ஒருவரும் இல்லை. வெறும் இரைச்சல்.

லைன் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சனியும் அப்படியே. மூன்று தரம் மணி, மூன்று மூச்சு, வெறும் இரைச்சல். மூன்றாம் சனியும் அதேதான். அன்றைக்கு நான் போனைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு கோபம், நான் எடுக்கும்வரை பொறுக்கவே மனமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இத்தனை ஞாயிறும் வீண் என்று பட்டது.

வசந்தி வந்ததும் சொன்னேன். "அம்மாதான் என்னோட கதைக்க விருப்பமில்லாமல் வைக்கிறா."

"நீங்கள் எடுத்தனீங்களோ?" என்றாள். வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மூண்டு கிழமையா எடுக்கிறன்."

அவள் கதிரையில் இருந்தாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு பார்த்தால் அவள் உண்மையாகவே அழுகிறாள்.

"மாமிக்கு மூண்டோட வைக்கச் சொன்னது நான்தான். 'சனிக்கிழமையில அவர் தனிய நிப்பார் மாமி, அடியாதேங்கோ, மனுசன் பாத்ரூமுக்குள்ள ஓடிடுவார்' எண்டன். மாமி கேக்கேல்லை. 'எடுக்கத் தேவையில்லை பிள்ளை, அவன் நிக்கிற வீட்டில என்ர சத்தம் கேட்டாக் காணும்' எண்டா. அப்ப நான் சொன்னன், மூண்டு ரிங்குக்கு மேல விடாதேங்கோ எண்டு."

"எனக்கேன் சொல்லேல்லை நீர்?"

"சொன்னால் வெக்கப்படுவியள் எண்டுதான். மூண்டு ரிங் வரைக்கும் ஏன் பொறுத்தனீங்கள்? முதல் ரிங்கிலேயே எடுத்திருக்கலாமே."

"மூண்டு மூச்சு விடோணும் எண்டு சட்டம்."

இதுதான் எங்கள் ஆட்களின் வியாதி. பரீட்சை எழுதி எழுதி வளர்ந்த சனம். மூன்று என்று சொல்லிவிட்டால் இரண்டரையில் எழும்பமாட்டோம், புள்ளி குறைந்துவிடும்.

அடுத்த நாள் பிக்குணியிடம் போய், இரண்டு மூச்சில் போனை எடுக்கலாமா என்று அனுமதி கேட்டேன். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் எண்ணுகிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

இரண்டு

அடுத்த சனி ஒன்பதரைக்குக் கதிரையில் இருந்தேன். கரண்டிகள் அதிர்ந்தன. விலாவுக்குக் கீழே குளிர்ந்தது. வந்திட்டியோ, இரு. மூச்சு உள்ளே, வெளியே. மறுபடி அடித்தது. உள்ளே, வெளியே. எடுத்தேன்.

ஒரு மின்விசிறிச் சத்தம். தெருவில் ஓட்டோ ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஹலோ" என்றேன்.

"ஆரது? வசந்தியோ? ஐயோ, என்ன நடந்தது?"

"அம்மா, நான்."

"பெரியவனோ? என்ன ராசா, என்ன நடந்தது? வசந்திக்கு ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. எல்லாரும் சுகம். சும்மாதான் எடுத்தனான்."

"சும்மாவோ?"

நான் எடுக்காத வீட்டில் நான் எடுத்ததும் அம்மா நடுங்கிப்போனார். போன் என்றால் என்ன வரும் என்று அவருக்கும்தானே தெரியும். அந்த நடுக்கத்தைக் கேட்டபோது எனக்கு அவரைக் கையில் பிடிக்கவேண்டும்போல இருந்தது. மூச்சு விட்டேன்.

"என்ன மூச்சு வாங்குது? தடிமனோ? உந்தக் குளிருக்க தலைக்கு ஒண்டும் போடாமத் திரியிறாய் போல."

"தடிமன் இல்லை அம்மா. மூச்சு விடப் பழகிறன்."

"இவ்வளவு நாளும் என்ன செய்தனி?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அம்மா, எனக்கு உங்களோட கோவமில்லை."

"சின்னவனை மறிச்சது நான்தானே" என்றார்.

"ஓம் அம்மா. நீங்கள்தான். அப்ப எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. கோவமில்லை. போன் அடிச்சால் எனக்குப் பயம். அவ்வளவுதான்."

"வசந்தி சொன்னவள். நான் நம்பேல்லை." அம்மா மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் பயம்தான் ராசா. நாலாவது ரிங் விட்டால் நீ எடுத்துப்போடுவாய். எடுத்து, ஏனம்மா அவனை விடேல்லை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? வசந்தி சொல்லாட்டிலும் நான் மூண்டோட வைச்சிருப்பன்."

இரண்டு பேரும் அழுதோம். கொழும்புக் கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்திருப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பாண் என்றேன். எத்தனை துண்டு என்று கேட்டார்.

"இஞ்ச ஆக்கள் நிக்கினம். வைக்கட்டே?" என்றார். "வாற சனியும் அடிக்கிறன். எடுப்பியோ?"

"எடுப்பன்."

அடுத்த சனி அம்மா கால் மணி நேரம் முந்திவிட்டார். நான் குளியலறையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் போன் அடிப்பது கேட்டது. விலாவுக்குக் கீழே குளிர் வந்தது. குழாயைப் பூட்டிவிட்டு, வாயெல்லாம் நுரையோடு போய் எடுத்தேன்.